எழுபத்து நான்காம் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று லேபில் இரண்டு பல் செட் முடித்தேன். ஒன்று ஓய்வுபெற்ற நீதிபதிக்கு. பல் கொஞ்சம் மஞ்சளாக வேண்டுமாம். ரொம்ப வெள்ளையாக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடுமாம். நியாயம்தான்.

மதிய இடைவேளையில், நான் நடத்தும் 'பாதியில் விட்டவை' முகநூல் பக்கத்தில் மூன்று படம் ஏற்றினேன். வழக்கம்போல புத்தகத்தின் அட்டையும் பெயரும் காட்டவில்லை. நிறுத்திய பக்கத்தின் படம், பக்க எண், காரணம் ஒரு வரி. அவ்வளவுதான். என்னுடையது: "பக்கம் 30. கதாநாயகன் மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டான்." ஒரு வாசகி அனுப்பியது: "பக்கம் 112. தங்கை பிடுங்கிப் படித்துவிட்டு முடிவையும் சொல்லிவிட்டாள்." ஒரு நர்ஸ் அனுப்பியது: "பக்கம் 203. ஒரு நோயாளிக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். நேற்று போய்விட்டார்."

அதற்குக் கீழே மட்டும் யாரும் கிண்டல் செய்யவில்லை. இருபதாயிரம் பேர் கூடும் இடத்தில் அது பெரிய விஷயம். பக்கத்தின் தலையில் நான் எழுதிவைத்த வாசகம் அப்படியே இருக்கிறது: "படிக்காததைப் படித்ததாக இங்கே யாரும் சொல்ல வேண்டாம்."

மார்ச் 9, ஞாயிறு

என் மனைவியின் நாவல் வந்துவிட்டது. ஆறு வருட உழைப்பு. விடியற்காலையில் எழுந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி பில் கவுன்டருக்குக் கிளம்பும்வரை எழுதுவாள். ஒரு தாளைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. எனக்கும்தான். கட்டின பெண்டாட்டி என்ன எழுதுகிறாள் என்று தெரியாமலே ஆறு வருடம் அந்த மேசையைத் துடைத்திருக்கிறேன்.

பதிப்பாளர் அனுப்பிய கட்டைப் பிரித்து முதல் பிரதியை என்னிடம்தான் கொடுத்தாள்.

"பொறுமையா படி. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. அது உனக்குக் கைவந்த கலைதானே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

பக்கம் 41. நன்றாகப் போகிறது. இறந்துபோன அப்பாவின் வீட்டை விற்க ஒரு பெண் தனியாக வந்திருக்கிறாள். விற்பதற்கு முன் வெள்ளையடிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

பக்கம் 74. இன்னும் வெள்ளையடிக்கிறாள். ஒரு சுவர் பாக்கி.

மார்ச் 17, திங்கள்

மூன்று நாளாகத் திறக்கவில்லை. திறந்தால் அதே வாளி, அதே தூரிகை. வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் படம் எடுத்து, "சுவர் காயும்வரை காத்திருக்க முடியவில்லை" என்று எழுதிப் போட்டிருப்பேன். ஐந்நூறு பேர் சிரித்திருப்பார்கள்.

இவளிடம் எப்படிச் சொல்வது? ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். அவள் கேட்பதும் இல்லை. சாப்பிடும்போது என் பையைப் பார்க்கிறாள், புத்தகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

அத்தை போன் செய்தார். மகள் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டாராம். "அந்தப் பொண்ணு கடைசில சாவியைக் கொடுக்கிற இடத்துல அழுதுட்டேன் மாப்பிள்ளை" என்றார். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டேன். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கடைசிப் பத்துப் பக்கம் படித்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா. அந்தச் சாவி கொடுக்கிற இடம் பிரமாதம்."

கையிலிருந்த துண்டை மறுபடி மறுபடி மடித்தாள். அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்து வெகு நாளாயிற்று. இதற்காகப் பொய் சொன்னால் என்ன தப்பு என்றுகூடத் தோன்றியது. கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்த்து நின்றாள். நான் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அந்தச் சூட்டோடு பக்கத்திலும் போட்டுவிட்டேன். முதல்முறையாக அட்டையோடு, பெயரோடு: "இதை நான் பாதியில் விடவில்லை."

மார்ச் 22, சனி

கூட்டம் திரண்டுவிட்டது. பாதியில் விடுகிறவனே முடித்துவிட்டான் என்றால் அது என்ன புத்தகம் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு பற்றிப் பேசுகிறாராம். அவள் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு வாசகர் செய்தி: "96க்குப் பிறகு மறுபடி 81 வருகிறதே, உங்கள் பிரதி சரியாக இருக்கிறதா?" பதிப்பாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன். என் பிரதியை எடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிறதா என்று பார்க்காமல் ஒரு செட்டையும் வெளியே அனுப்பாத ஆள் நான்.

மார்ச் 26, புதன்

லேபிலிருந்து வந்தபோது மேசைமேல் நாவல் பிரதிகள் அடுக்கியிருந்தன. என்னுடையது மட்டும் தனியாக, திறந்தபடி.

பதிப்பாளர் அவளுக்கு போன் செய்திருக்கிறார். பைண்டிங்கில் கோளாறாம். முதல் கட்டுகளில் பதினாறு பக்கம் இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த பதினாறு பக்கம் விட்டுப்போய்விட்டதாம். வீட்டில் உள்ளதையும் பார்த்துவிடுங்கள் என்றிருக்கிறார். பார்த்திருக்கிறாள். என் பிரதியில் 96, பிறகு மறுபடி 81 முதல் 96 வரை, பிறகு நேராக 113.

"இதுல இல்லாத பதினாறு பக்கத்தை எப்படிப் படிச்ச?"

அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"அந்தப் பக்கங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவேன்னு பார்த்தேன். பேசலை. பிடிக்கலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள். குரலே உயரவில்லை. கத்தியிருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

"சாப்பாடு மேசைல இருக்கு. எடுத்துப் போட்டுக்கோங்க."

போட்டுக்கோங்க! கல்யாணமான நாளிலிருந்து நீ, வா, போ. இன்று மரியாதை கொடுக்கிறாள். இதைவிட அடித்திருக்கலாம்.

மார்ச் 29, சனி

அந்தப் பதிவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வாங்கினவங்களாவது படிக்கட்டும்" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

சரியான பிரதி ஒன்றை எடுத்து 74லிருந்து ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாம் முறையும் அலுப்பாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். 97இல் வெள்ளையடிப்பு முடிகிறது. அந்தப் பெண் வீட்டின் நடுவில் உட்கார்கிறாள். சுவரில் அப்பா தலை சாய்த்த எண்ணெய்க் கறை இருந்த இடத்தைக் கையால் தேடுகிறாள். அவளே அடித்த வெள்ளைக்கு அடியில் அது போய்விட்டது. 112வரை தேடுகிறாள்.

அந்தப் பதினாறு பக்கத்தில்தான் நாவலே இருக்கிறது. நான் அது இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு பிரமாதம் என்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சீ.

ஏப்ரல் 2, புதன்

காலையில் அவள் எழுதும் மேசைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். எழுதவில்லை, சும்மாதான் இருந்தாள். சொன்னேன், 74இல் நிறுத்தியதை. வெள்ளையடிப்பு நீளம் என்பதை. இப்போது முழுதும் படித்துவிட்டேன், இப்போதும் அது நீளம்தான் என்பதை. அந்தக் கறையைப் பற்றியும் சொன்னேன். 

அவள் மேசைமேல் கிடந்த தாள்களை ஓரமாக நகர்த்தினாள்.

"எழுபத்தி நாலா?"

"ஆமா."

"கடைசிச் சுவர்?"

"ஆமா."

"எழுதுறப்ப அங்கதான் நானும் நின்னேன். எட்டு மாசம். அப்பா போன வருஷம் அது. அந்தச் சுவரை முடிச்சா வீட்டை வித்தாகணும், அதான் அடிச்சுக்கிட்டே இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தரும் சொல்லலை தெரியுமா. எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் சரியா அங்க நின்னிருக்க. அதையும் சொல்லாம முழுங்கிட்ட."

மாமா இறந்தபின் அந்த வீட்டை விற்றபோது நான்தான் புரோக்கரோடு அலைந்தேன். எனக்குத் தெரியாத கதையா அது?

மதியம் பக்கத்தில் எழுதிவிட்டேன்: "போன மாதம் சொன்னது பொய். பக்கம் 74இல் நிறுத்தினேன். பிறகு முடித்தேன். 97க்காகவாவது நீங்களும் நிறுத்தாதீர்கள்." பலர் திட்டினார்கள், பலர் விலகிப் போனார்கள். நர்ஸ் மட்டும் ஒரு வரி அனுப்பினார்: "நானும் அந்தச் சுவரிடம் நின்றேன்."

மே 18, ஞாயிறு

காலையில் எழுந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் கட்டு. அவள் கையெழுத்து. புது நாவல், முதல் அத்தியாயம். மேலே ஒரு பென்சில்.

"எங்க நிறுத்துறியோ அங்க ஒரு கோடு போடு. காரணம் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

ஆறாம் தாளில் போட்டேன். 

தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். கோட்டுக்கு மேலே ஒரு தடவை படித்தாள், கீழே ஒரு தடவை படித்தாள். பிறகு அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். இன்று சமையல் நான்.