மூன்று தட்டு

நேற்று உன் படத்திறப்பு. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கோபத்தில் வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டை எடுக்க வண்டிப் பெட்டியைத் திறந்தால் கையில் அகப்பட்டது, தண்ணீருக்குள் மூக்கை அடைக்க நீ மாட்டிக்கொள்ளும் மூக்குக் கவ்வி. நீல ரப்பர், ஓரத்தில் நீ கடித்த பல் தடம். அதில் இன்னும் தாமல் ஏரியின் பாசி வாடை அடிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன்.

உள்ளே என்ன பேசினார்கள் தெரியுமா? மூன்று பேர் பேசினார்கள், மூவருக்கும் ஒரே பேச்சு. நீ பொறுமைசாலியாம். உனக்குக் கோபமே வராதாம். நம் ஊரில் ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பழச எதையும் மனசுல வெச்சிக்காத மனுசன்பா. ஊரு, காலனின்னு என்னைக்காவது பேசியிருக்கானா?" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பா தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றில் முள்ளைப் போட்டவர்களே உன் பொறுமைக்கு நற்சான்று வழங்குகிறார்கள்.

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பின் அறிவிப்பை முதலில் பார்த்தது நீதான். உன் எலக்ட்ரிகல் கடையைச் சாத்திவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் நான் பட்டுப்புடவைக்கு அட்டைப்பெட்டி செய்யும் பட்டறைக்கு வந்தாய். என் கையெல்லாம் மைதாப் பசை.

"ஏரியில நாலு ஞாயித்துக்கெழம கயாக் கத்துத் தராங்களாம். நீச்சல் தெரியாதவங்களும் வரலாம்னு போட்டிருக்குது. வரியா?"

இருவருக்கும் ஐம்பதை எட்டப்போகும் வயது, இருவருக்கும் தொப்பை. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "தண்ணியில தலகீழா போயி, படகோட திரும்பி மேல வரதுக்குப் பேரு ரோலாம். அத ஒரு தடவ செஞ்சி பார்க்கணும்பா" என்றாய்.

எட்டு வயதில் எங்கள் கிணற்றில் நீச்சல் கற்றவன் நான். அந்தக் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த உனக்கு நீச்சல் தெரியாது. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு வரவே இல்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பயிற்சி கொடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். படகுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடையை மாட்டிவிட்டாள். "எங்க வீட்டுக்காரம்மா பார்த்தா வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டா" என்று நீ முனகினாய். கவிழ்ந்தவர் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான் என்றாள் அந்தப் பெண். பயத்தில் தலையை முதலில் தூக்கிவிடுவார்கள், படகு மறுபடி கவிழ்ந்துவிடும். "இடுப்ப மொதல்ல திருப்புங்க சார். தலை கடைசிலதான் வரணும். தலையைத் தூக்காதீங்க."

"அது எங்களுக்குப் பழக்கம்தாம்மா. தலையத் தூக்காதன்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க" என்றாய்.

அவளுக்குப் புரியவில்லை, சிரித்தாள். எனக்குப் புரிந்தது, நானும் சிரித்தேன்.

மூன்றாவது ஞாயிறு, ரோலுக்கு முன்பாக, ஜோடியாகச் செய்கிற பாடம். ஒருவர் கவிழ வேண்டும். தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தபடியே, மேலே வந்துவிட்ட படகின் அடிப்பக்கத்தைக் கையால் மூன்று முறை தட்ட வேண்டும். தட்டிவிட்டு இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தன் படகின் மூக்கை அந்தக் கைக்குக் கொண்டுவந்து தருவார். அதைப் பிடித்து எழுந்துவிடலாம்.

உனக்கு ஜோடி நான். நீ கவிழ்ந்தாய், தட்டவில்லை. பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து இருமினாய். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே, கண் சிவந்துபோய். ஒரு கை தூரத்தில் நான் துடுப்போடு காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "தட்டினாதானேப்பா வருவேன். பக்கத்துலதான இருக்கேன்" என்று கத்தினேன்.

கரையில் டீ குடிக்கும்போது நீ காலைக் காட்டினாய். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு நீளத் தழும்பு. பல வருடமாகப் பார்க்கிற தழும்புதான்.

"இது உங்க கெணத்து முள்ளு" என்றாய்.

அப்பா அந்தக் காலத்தில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் கிணற்றில் போட்டுவைப்பார், காலனிப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று. நாங்கள் குளிக்கும்போது கழியால் அதை ஒதுக்கிவிட்டுக் குதிப்போம். நீ பதினோரு வயதில் ஒரு மத்தியானம் யாரும் இல்லை என்று இறங்கியிருக்கிறாய். படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகும்போது முள் மாட்டிக்கொண்டது.

"உன் பேரச் சொல்லித்தான் கூப்டேன். நீ மேல நின்னுக்கினு இருந்த. எட்டிப் பார்த்த. அப்புறம் போயிட்ட. நானேதான் கால இழுத்துப் பிச்சிக்கினு ஏறி வந்தேன்."

எனக்கு நினைவு வந்தது. அதுவரை வராதது அப்போது முழுசாக வந்தது. அப்பாவுக்குப் பயந்தேன், எனக்கும் அதே வயதுதான் என்று சொல்ல வாயெடுத்து, டீயோடு விழுங்கிவிட்டேன்.

"தட்டினா ஆளு வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. உனக்கு வரும். எனக்கு வரும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" நீ கோபமாகக் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவரிடம் எத்தனை வாட் என்று கேட்கிற அதே குரலில் கேட்டாய்.

டீக்குப் பிறகு மறுபடி இறங்கினோம். நீ என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிழ்ந்தாய். தண்ணீர் அடங்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு தட்டு. அப்புறம் இடைவெளி. இரண்டு, மூன்று. நான் அடித்துப் பிடித்துத் துடுப்புப் போட்டதில் என் படகு உன் விரல் முட்டியிலேயே போய் இடித்தது. உன் கை அதைப் பிடித்தது. இடுப்பு முதலில் வந்தது, தலை கடைசியில். தண்ணீரைத் துப்பிவிட்டு, "வந்துட்ட" என்றாய். பிறகு முட்டியைப் பார்த்து, "இடிச்சிட்டியேடா" என்றாய். அன்றுதான் என்னை முதல்முறையாக டா போட்டாய்.

அடுத்த வாரம் நீ யார் உதவியும் இல்லாமல் ரோல் அடித்தாய். எனக்கு இன்றுவரை வரவில்லை.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கடையில் ஒயர் சுருளின்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாய். கையில் போன். யாரையும் கூப்பிடவில்லை. என் பட்டறை நான்கு தெரு தள்ளி. சுவிட்ச் வாங்க வந்தவர்தான் உன்னைப் பார்த்தார்.

பதினைந்து நாளாக உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். தட்டியிருக்கலாம் அல்லவா? ஒரு போன் போட்டிருக்கலாம் அல்லவா? மனசுக்குள் உன்னைத் திட்டாத நேரம் இல்லை. நேற்று மண்டப வாசலில் அந்தக் கவ்வியோடு நின்றபோதுதான் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்தது. என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவனை நம்பி ஒருவன் எல்லா நாளும் தட்டுவானா? அதற்கு முன்னால் இருந்த நாற்பது வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே உன்னைப் பற்றிப் பொய் பேசுகிறார்கள், நான் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். அன்றைக்குக் கிணற்று மேட்டில் செய்ததும் இதுதான்.

திரும்பிப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். எனக்கு மேடைப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். "அவன் எதையும் மறக்கல. எங்க கெணத்துல முள்ளு போட்டது எங்க அப்பா. அதுல மாட்டிக்கினு அவன் கூப்டப்போ எறங்காம திரும்பிப் போனவன் நானு. அவன் பொறுமையப் பத்திப் பேச நமக்கு வாயி கெடையாது" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

அப்பா வாசலில் பிடித்துக்கொண்டார். "அப்பல்லாம் எல்லாரும்தான்டா போட்டாங்க."

"நம்ம கெணத்துல நீங்கதாம்பா போட்டீங்க" என்றேன். என் வண்டியில் ஏற மாட்டேன் என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

உன் மனைவி கடைசியில் வந்தார். "அவரு கால்ல இருந்தது வண்டி சைலன்சர் சுட்ட தழும்புன்னுதாண்ணா எங்கிட்ட சொன்னாரு" என்றார்.

இன்று காலை ஏரிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பத்துப் பேருக்கு அதே மூன்றாவது ஞாயிற்றுப் பாடம், ஜோடி இல்லாதவர்களுக்கு நான் ஜோடி. உன் கவ்வி என் கழுத்தில் தொங்குகிறது. ஒவ்வொருவராகக் கவிழ்ந்தார்கள். அந்தப் பெண் இரண்டு முறை என்னைக் கடிந்துகொண்டாள். "சார், அவங்க தட்டற வரைக்கும் இருங்க. அப்போதான் கத்துப்பாங்க."

அவள் சொல்வது சரிதான். ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. படகு சாயும்போதே துடுப்பைப் போட ஆரம்பித்துவிடுகிறேன்.