கறை போக்கும் பாட்டில்

மேலகரம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால்தான் உடனே டவர் இல்லாமல் போய்விடுகிறதே! புனே அவ்வளவு பெரிய ஊர், என் பேச்சுக்கு மட்டும் டவர் கிடைக்காதாக்கும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதைக் கட் பண்ண முடியாது.

அத்தை செங்கோட்டைக்கு உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். ஒரு ஆளுக்குப் பொங்க அளவு தெரியாமல் மிஞ்சிப்போய், மறுநாளும் அதையே தின்கிறேன். தைத்த துணியைக் காட்ட ஆளில்லாமல் சுவரைப் பார்த்து "நல்லாருக்கா?" என்று கேட்கிறேன். சிரிக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். துணியில் மிஷின் எண்ணெய் பட்டால் துடைக்க என்று உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து தந்தீர்களே, நீங்கள் அங்கே தொட்டியில் முக்கி இரும்புச் சாமான்களின் கிரீஸைக் கழுவுகிற அதே மருந்து. கெட்டிக்கார மருந்துதான். தொட்டுத் துடைத்தால் கறையும் இல்லை, ஈரமும் இல்லை, லேசான இனிப்பு வாசனை மட்டும். "பெட்ரோல் மாதிரி சட்டுனு தீப்பிடிக்காதுட்டி, பயப்படாத" என்றீர்கள். நானும் சாரலுக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு துடைத்தேன். தலை கிறுகிறுத்தது. பசிக் கிறக்கம் என்று இருந்துவிட்டேன்.

காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிற அச்சன்புதூர் ஷாரோன் பிளவுஸ் வாங்க வந்தாள். நீங்கள் பாட்டிலில் எழுதி ஒட்டியிருந்த பேரைப் படித்தவள், "யக்கா, இது புரோமோபுரொப்பேன்லா! முதல்ல ஜன்னலத் திறங்க" என்று அவளே ஓடிப்போய்த் திறந்தாள். சட்டென்று தீப்பிடிக்காது என்பதற்காக அது சாதுவான சாமான் இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி மூச்சோடு போய், நாள்பட நரம்பைக் கெடுக்குமாம். முதலில் பாதம் மரக்கும், பிறகு நடை தள்ளாடும் என்றாள். "அண்ணன் மூஞ்சில என்ன போடுதாங்க?" என்று கேட்டாள். கைக்குட்டை கட்டுவதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். துணியெல்லாம் அதைத் தடுக்காதாம், சாதாரண ரப்பர் கிளவுஸைக்கூடத் தாண்டிவிடுமாம்.

பாதம் என்றதுமே எனக்கு உங்கள் கால்தான் ஞாபகம் வந்தது அத்தான். லீவில் வந்தபோது ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்தீர்களே, ஒரு காலில் செருப்பில்லை. கழன்று போனதும் தெரியவில்லை, கல் கிழித்து ரத்தம் வழிந்ததும் தெரியவில்லை. "தண்ணி குளிர்ச்சி, மரத்துட்டு" என்று சிரித்தீர்கள். அருவித் தண்ணீர் நரம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே, அந்த நம்பிக்கையில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து லீவு முழுக்க அருவியிலேயே நின்றீர்கள். கால் மரப்பு கொஞ்சம் தெளிந்தது. குற்றாலத்துத் தண்ணீர் குணமாக்கிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அந்தத் தொட்டியை விட்டு விலகி இருந்ததால் வந்த தெளிவாம் அது. தெரியாமல் மறுபடியும் அங்கேயே ரயிலேற்றி அனுப்பினோம்.

ஷாரோன் இன்னொன்றும் சொன்னாள், நமக்குக் குழந்தை தங்காததைப் பற்றி. அதை எழுதக் கை வரவில்லை. நீங்கள் வந்தபின் சேர்ந்தே டாக்டரிடம் கேட்போம்.

தீபாவளிக்குள் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்குவதாக முந்தாநாள் நீங்களே வாய்தவறிச் சொன்னீர்கள். கோபப்படாமல் கேளுங்கள். அங்கேயே ஒரு டாக்டரிடம் காலைக் காட்டி, அந்த மருந்தின் பேரைச் சொல்லுங்கள். கம்பெனியில் வேறு வேலை கேளுங்கள். தராவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இப்போதே விட்டால் மெல்லத் தேறலாம், முழுசாகத் தேறுமா என்று சொல்ல முடியாது என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

சாமி உங்களைக் கைவிடாது. எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். தென்காசி ஸ்டேஷனில் யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்காமல், நீங்களாக இறங்கி நடக்க முடிகிறபோதே வந்துவிடுங்கள் அத்தான்.

உங்கள்
ஸ்ரீதேவி