ஏறிக்கொண்டே போகும் டார்கெட்

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

காலையில் தில்லை நகர் பங்கு ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஏசி ஓடவில்லை, புரோக்கர் ரங்கசாமி சாரின் வாய்தான் ஓடியது. "வெண்சுடர் செமிகண்டக்டர் இன்னைக்கும் ஏத்தம்தாம்மா. உலகம் பூரா சிப்புக்கு அடிதடி. சீந்த ஆள் இல்லாத காலத்துல வாங்கினீங்க பாருங்க, அது மூளை!"

மூளையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வட்டி ஹராம் என்று என்னைக் கட்டின மச்சான் பேங்க் டெபாசிட் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். நிலம் வாங்கப் போனால் வில்லங்கம். அதனால் குவைத்திலிருந்து அவர் அனுப்புவதில் மிச்சம் பிடித்து, கடன் இல்லாத கம்பெனியாகத் தேடி என் பெயரில் பங்கு வாங்கி வைப்போம். வெண்சுடருக்கு அப்போது கடனே கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

போட்டது மூன்று மடங்கானால் குவைத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்து, பாலக்கரையில் ஏசி ரிப்பேர் கடை வைப்பேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

26 செப்டம்பர்

ஆயிருச்சு! மூணு மடங்கு. அல்ஹம்துலில்லாஹ்.

மகள் தஹ்ஸீனிடம்தான் முதலில் சொன்னேன். "அத்தாவுக்கு பீரோவுல ஒரு தட்டு ஒழிச்சு வைம்மா, பூரா உன் புடவைதான் அடைஞ்சு கெடக்கு" என்றாள். ஒழித்தேன்.

27 செப்டம்பர்

மச்சான் பேசினார். "இப்பப் போயி யாராவது விப்பாங்களா ஜஹானா? சிப்பு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இறங்காதுன்னு ரூம்ல எல்லாரும் சொல்றாங்க. அஞ்சு மடங்காகட்டும். நான் காண்ட்ராக்ட ரெண்டு வருஷம் நீட்டிக்கிறேன்."

பங்குக்குத்தான் மாசாமாசம் டார்கெட்டை ஏத்துறாங்கன்னு பார்த்தா, இந்த மனுஷனுக்குமா?

8 அக்டோபர்

ரங்கசாமி சார் கொடுத்த அறிக்கைகளை உட்கார்ந்து படித்தேன். எல்லோரும் ஒரே பாட்டு. ஏஐ மெஷின்களுக்கு மெமரி சிப்பு போதவில்லை, கம்பெனிகளிடம் சரக்கு காலி, அடுத்த வருஷ ஆர்டரும் இப்போதே நிரம்பிவிட்டது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தர் மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: சிப்பு ஏறும்போதெல்லாம் எல்லோரும் ஃபேக்டரி கட்டுவார்கள், கட்டி முடிக்கும் நேரத்தில் கிராக்கி படுத்துவிடும் என்று. ரங்கசாமி சாரிடம் காட்டினேன். "அதெல்லாம் சம்பிரதாயத்துக்கு எழுதுறதும்மா" என்றார்.

20 அக்டோபர்

தீபாவளி. ரங்கசாமி சார் ஸ்ரீரங்கத்திலிருந்து பட்சணம் அனுப்பியிருந்தார். டப்பா மேல் வெண்சுடரின் புது டார்கெட்டை எழுதி ஒட்டாததுதான் குறை.

31 அக்டோபர், வெள்ளி

வெண்சுடரின் காலாண்டுக் கணக்கு வந்தது. லாபம் இரட்டிப்பு. கூடவே புது ஃபேக்டரி, அதற்கு பேங்க் கடன். தஹ்ஸீன் கணக்குப் போட்டாள். கடன், கம்பெனி சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது.

அதுதான் எங்கள் வீட்டு எல்லை. பள்ளிவாசல் ஹபீபுல்லா ஹஜ்ரத்திடம் கேட்டு மச்சானே வகுத்தது. தாண்டினால் லாப நட்டம் பார்க்காமல் விற்றுவிட வேண்டும். ஒரு சிமெண்ட் கம்பெனியை அப்படித்தான் நட்டத்துக்கு விற்றோம்.

"ஆனா போன்ல இருக்குற ஹலால் ஆப்புல பச்சைதான் காட்டுதும்மா" என்றாள் தஹ்ஸீன். "அவங்க சொத்தை வச்சுப் பாக்குறதில்ல, பங்கு விலையை வச்சுப் பாக்குறாங்க. விலை எக்கச்சக்கமா ஏறிட்டதால கடன் சின்னதாத் தெரியுது."

"அப்ப விலை ஏறினா ஹலால், இறங்கினா ஹராமா? நல்லாருக்குடி உங்க ஆப்பு!"

1 நவம்பர்

ஒன்று உறுத்துகிறது. கடன் தாண்டிவிட்டது என்று அவள் சொன்னபோது எனக்குக் கவலை வந்திருக்க வேண்டாமா? சந்தோஷமால்ல இருந்துச்சு! மார்க்கத்துக்காக விக்கப் போறேனா, மச்சான் வரணும்னு விக்கப் போறேனா? என் நிய்யத் என்ன, மனசுல நெனச்சது எது?

ரெண்டும்தான். அல்லாஹ்வுக்குத் தெரியாததா.

2 நவம்பர்

மச்சானிடம் சொன்னேன். "இந்த ஒரு தடவை ஆப்பு சொல்றதையே எடுத்துக்குவமே புள்ள" என்றார்.

"சிமெண்ட் கம்பெனிய விக்கிறப்ப இந்த ஆப்பு எங்க போச்சு?"

"உன் பேர்ல இருக்கு, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

அழுதேன். ஆத்திரத்துலதான்.

3 நவம்பர், திங்கள்

வித்தாச்சு. மொத்தமும்.

"குலை தள்ளுற நேரத்துல வாழையை வெட்டுறீங்களேம்மா" என்று ரங்கசாமி சார் தலையில் கை வைத்தார். பாவம், அவருக்குத் தாங்கவில்லை.

14 நவம்பர்

விற்றதிலிருந்து ஏற்றம்தான். மச்சான் தினமும் வெண்சுடர் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார். ஒரு சலாம் கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. படம் மட்டும். போய்ட்டுப் போவுது, உசுரோட இருக்காருன்னாவது தெரியுதே.

21 நவம்பர்

இன்று படம் வரவில்லை.

24 நவம்பர்

மச்சான் போன். காண்ட்ராக்ட் பேப்பர் வந்ததாம், கையெழுத்துப் போடவில்லையாம்.

"பேனாவ எடுத்துட்டேன் ஜஹானா. ஊருக்குப் போறதுக்குப் பணம் சேரலன்னுதான் ஒவ்வொரு தடவையும் போடுவேன். இப்ப அதையும் சொல்ல முடியாதே, நீதான் வித்துக் காசாக்கிட்டியே."

பிறகு அவரே, "பயமா இருக்கு புள்ள. லீவுக்கு வந்தா துண்டு எங்கன்னு உன்னைக் கேட்டுட்டுத்தான் குளிக்கப் போறேன். என் வீட்டுலயே நான் விருந்தாளி. அங்க வந்து என்ன பண்ணுவேன்?"

பேராசைன்னு நெனச்சு இத்தனை நாளா கரிச்சுக் கொட்டினேனே... இந்த மனுஷனை!

"ரங்கசாமி சார் ஆபீஸ்ல ஏசி ஓடல. வந்து பாருங்க" என்றேன். வாயில் வந்தது அதுதான். மச்சான் சிரித்துவிட்டார்.

17 டிசம்பர்

வந்துட்டாங்க. ஏர்போர்ட்டில் தஹ்ஸீன்தான் அழுதாள். நான் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

18 டிசம்பர்

துண்டு எங்கே என்று கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

29 டிசம்பர், திங்கள்

பாலக்கரைக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடை திறக்கும் முன்னாடியே முதல் வேலை: மச்சான் இன்று ரங்கசாமி சார் ஆபீஸ் ஏசியைச் சரிபண்ணப் போயிருந்தார். மேலெல்லாம் தூசியோடு வந்து நின்றார்.

"வெண்சுடர் இன்னைக்கும் ஏறியிருக்காம்."

"ஏறட்டும்."

"நம்ம வித்த விலைக்கு மேல எவ்வளவு போயிருக்கு தெரியுமா?"

"தெரியும். ஏசி என்னாச்சு?"

"ஓடுது."

"அப்ப குளிச்சிட்டு வாங்க. சோறு ஆறுது."

நான் அடுப்படியில் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன். துண்டு எங்கே என்று குரல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றேன். வரவில்லை. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. பிறகு குளியலறையில் தண்ணீர் விழுந்தது.