அப்பா திருத்த வருகிறார்

அன்பு மகள் மிஸுஹோவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலையும் என் இரத்தக் கொதிப்பையும் விட்டுவிட்டால் இங்கே எல்லாம் நலம். எஸ்தோனியாவின் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி மாடத்தின் முன் கைகூப்புகிறேன். மழை விடவில்லை, துவைத்தது எதுவும் காயவில்லை. இந்த லட்சணத்தில் உன்னிடம் சுமோ மல்யுத்தம் கற்கும் நான்கு பெண்களையும் அனுப்பிவைத்து, அக்டோபரில் நீ திறக்கப்போகும் பயிற்சிக்கூடத்துக்கு வர அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வை என்று சொல்லிவிட்டாய். நான்கு வருடமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல நடுவில் நான்.

"வெள்ளக்காரப் பொண்ணுங்களுக்கு ஊர் சுத்திக் காட்டவா நான் கடை வச்சிருக்கேன்?" என்று முதல்நாள் கத்தியவர், மறுநாள் விடியும் முன்பே முகம் மழித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நேரே சுமோ அருங்காட்சியகத்துக்குத்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் ஆயிற்றே, போய்ப் பூட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினார். அப்புறம் அசகுசா கோயிலுக்குப் போனோம். அங்கே வலி தீர்க்கும் என்கிற ஊதுவத்திப் புகையை அள்ளி அள்ளித் தன் முழங்காலுக்கே தடவிக்கொண்டார். நால்வரில் மார்யா என்கிறவளுக்குக் குறிச்சீட்டில் கெட்ட பலன் வந்தது. அதை அவளிடமிருந்து பிடுங்கித் தானே கோயில் கம்பியில் கட்டிவிட்டு, "கெட்டதெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதும்மா" என்றார். பெற்ற மகளிடம் இந்தக் கனிவு நான்கு வருடமாக எங்கே போயிற்று என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை மறுபடி அருங்காட்சியகம். இருப்பது ஒரே அறை, அதில் மாவீரர்கள் இடுப்பில் கட்டிய பட்டு முன்துணி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு பிரசங்கம். கண்ணாடிக்குள் இருந்த ஒரு மாவீரரின் கைத்தடத்துக்கு நேராக மார்யா தன் கையை விரித்துக் காட்டினாள், "பரவாயில்லையே" என்றார். அந்தப் பெண் சும்மா இல்லாமல், போட்டி நடக்கும் மண்மேடையைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டாள். "பொம்பளைங்க அதுல கால் வைக்கக் கூடாது" என்று வெடுக்கென்று சொன்னார். அவளும் நீ சொல்லிக்கொடுத்த நம் மொழியில், "தெரியும் ஐயா, அதான் அக்கா எங்க ஊர்லயே ஒண்ணு கட்டறாங்க" என்றாள். மனிதர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்துவிட்டார். பத்து வயது வரை கடைக்குப் பின்னால் உன்னை நிறுத்திக் கால் தூக்கி மிதிக்கப் பழக்கியது யார்? ஆசையை ஊட்டிவிட்டு, பெண்ணுக்கு இதற்குமேல் வழியில்லை என்று ஒரே நாளில் கதவைச் சாத்தியது யார்? கேட்டால் கோபம் வரும்.

மழை சற்று விட்டதும் ஆற்றங்கரையில் சோற்றுருண்டைகளைப் பிரித்தேன். சாப்பிட்டு முடித்த மார்யா கால் தூக்கி மிதித்துப் பழக ஆரம்பித்தாள். அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்: "இடுப்ப இறக்குடி! அரிசி மூட்டையா நீ? தரைக்குக் கேக்கணும்!" மிஸுஹோ, அத்தனையும் அவர் வார்த்தை, அவர் கத்தும் அதே ராகம். விருட்டென்று திரும்பினார். யார் சொல்லிக்கொடுத்தது என்றார். அக்கா என்றாள். "திட்டறது சரியாத்தான் திட்டறா. இடுப்புதான் தப்பு" என்று முனகிக்கொண்டே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இருட்டும் வரை மிதித்தார், சைக்கிளில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டு மாடிப்படி ஏற நான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இன்று காலை கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "தொறப்பு விழாவுக்கெல்லாம் போகல. இடுப்பத் திருத்தத்தான் போறேன்" என்கிறார். அப்படியே இருக்கட்டும், நீ வாயைக் கொடுக்காதே. அழாதே, பழையதைக் கிளறாதே, திட்டினால் வாங்கிக்கொள். கம்பளிச் சட்டை அங்கேயே வாங்கி வை, இங்கே சொன்னால் வேண்டாம் என்பார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் மண்மேடையின் ஓரம் வரை வந்து அவர் நின்றுவிடுவார். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்தவர் மேடையில் ஆசான் அழைக்காமல் அவர் கால் வைக்க மாட்டார். அங்கே ஆசான் நீ. நீதான் அவரை உள்ளே கூப்பிட வேண்டும்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கினுயோ