அரிக்காத பஞ்சு

மார்ச் 3
ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. மறுபடி மண்டையைப் போட்டது. காலையிலிருந்து நுண்ணோக்கியில் பார்த்ததெல்லாம் கண்ணாடிப் பஞ்சுதான். சுவாரசியமே இல்லை. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறதா என்று தேடுகிற எங்கள் வேலையில் அதுதான் நல்ல நாள்.

மார்ச் 5
அண்ணன் வந்தான். பழைய கட்டடங்களில் குழாய், பாய்லர்மேல் சூடு தாங்கச் சுற்றியிருக்கும் பஞ்சை உரிக்கிற வேலை அவனுக்கு. திறந்த பிளாஸ்டிக் பை ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"பாப்பா, இது என்னன்னு பாத்துச் சொல்லு. சாதுவான சரக்கு, அரிக்கவே இல்ல."

நாற்பத்திரண்டு வயதிலும் நான் பாப்பா. பையைக் கட்டி இன்னொரு பைக்குள் போட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் திட்டினேன்.

அவன் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிப் பஞ்சு அரிக்கும், அதனால் மாஸ்க். கல்நார் அரிக்காது, அதனால் மாஸ்க் கிடையாது. கண்ணாடிப் பஞ்சு நுரையீரலுக்குள் போனாலும் பெரும்பாலும் கரைந்துவிடும். கல்நார் அப்படியா? சத்தம் போடுகிறவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, சிரித்துக்கொண்டு வருகிற திருடனுக்கு நாற்காலி போடுகிறார்கள்.

மார்ச் 6
வெள்ளைக் கல்நார் என்றால் சுருள்சுருளாக இருக்கும். அதுவும் புற்றுநோய் தரும், ஆனாலும் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது சிதைக்கும். அண்ணன் கொண்டுவந்தது சுருள் இல்லை. ஊசி. நீலக் கல்நார், பாய்லர் சூட்டில் நிறம் போயிருக்கிறது. உள்ளே போனால் கரையாமல் அங்கேயே கிடக்கும்; கல்நாரில் இதைவிடக் கெட்டது கிடையாது.

இன்னொரு தடவை பார்த்தேன். ஊசிதான். எத்தனை தடவை பார்த்தால் சுருளும்?

மார்ச் 7
போனில் சொன்னேன்.

"சரி, இனிமே மாஸ்க் போட்டுக்கறேன்."

"தாடியோடவா? தாடி இருந்தா முகத்துல ஒட்டி உக்காராது. ஓரமா எல்லாம் உள்ள போகும்."

"தாடிய எடுத்தா உங்க அண்ணி வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

அண்ணியைக் கேட்டேன். "கல்யாணத்தன்னிக்கே எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

மார்ச் 11
அவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 13
எப்படியோ போகட்டும், செத்துத் தொலையட்டும் — எழுதிவிட்டு அடித்துவிட்டேன். சாகவேண்டாம். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்.

மார்ச் 16
ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துவந்தேன். வெள்ளைக் கல்நார் ஒரு கண்ணாடித் தகட்டில், அவன் கொண்டுவந்தது இன்னொன்றில். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுல எது நல்லது?"

"எதுவும் நல்லதில்ல. இது மோசம். அது ரொம்ப மோசம்."

தாடியைத் தடவிக்கொண்டே கிளம்பிப் போனான்.

மார்ச் 20
யாரோ விற்பனைக்காரர் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் இருந்தேன். அண்ணன். கன்னம் இரண்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தன. குழுவில் எல்லோரையும் தாடி எடுக்கவைத்துவிட்டானாம். டீ போட்டுக் கொடுத்தேன்.

"இத்தன வருஷமா உள்ள போனதெல்லாம் கரையும்ல?"

"வெள்ளைன்னா மெல்ல மெல்லப் போகும்."

"நீலம்?"

தாடி இல்லாமல் அப்பா மாதிரியே இருக்கிறாய் என்றேன்.

டீயை முழுக்கக் குடித்தான். டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். பிறந்ததிலிருந்து அவன் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.