மீனுக்கு இன்று சாப்பாடு கிடையாது

என்னங்க,

நேற்றுக் கோபத்தில் ஹாலிலேயே தூங்கிவிட்டீர்கள். எழுப்ப மனம் வரவில்லை, ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது.

காலையில் மீன் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் ரத்தம் எடுத்த மாதிரி செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நைட்ரேட் கழிவு ஏறிக் கிடக்கிறது. தொட்டிக்குள் வளரும் பவளமெல்லாம் பழுப்படித்துச் சுருங்கிப்போயிருக்கிறது. உங்கள் அப்பாவைக் கேட்டால், "பாவம்மா, பட்டினியா கெடக்குதேன்னு ஒரு சிட்டிகை போட்டேன்" என்கிறார். நம் மகள், "நான் கொஞ்சூண்டுதாம்மா போட்டேன்" என்கிறாள். நீங்கள் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆளாளுக்கு ஊட்டினால்? மிச்சத் தீனியெல்லாம் மணலில் அழுகுகிறது.

அதனால் இன்று யாரும் எதுவும் போடக்கூடாது. ஒரு நாளில் மீன் இளைத்துவிடாது. பால்கனி வாளியில் உப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருக்கிறேன். தொட்டியில் கால்வாசித் தண்ணீரை அடி அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, அதை மெதுவாக ஊற்றுங்கள். பைப் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஃபில்டர் பஞ்சையும் அலசிவிடுங்கள்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் மாலையில் தொட்டியைப் பார்க்க வருவார். நம் சண்டைக்கு அவரிடம் நியாயம் கேட்காதீர்கள்.

பி.கு: தீனி டப்பாவைத் தேட வேண்டாம், என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று. "இந்த வீட்ல நான் வந்தா நிமிந்து பாக்குறது மீன் மட்டும்தான்" என்று நேற்றுச் சண்டையில் சொன்னீர்களே, அது பார்ப்பது டப்பாவை. நீங்கள் வெறுங்கையோடு வந்தாலும் நான் பார்க்கத்தான் செய்கிறேன். நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே தெரியும்!