லயத்துக்குப் பின்னால் கிடந்தது

1978, ஆடி, சனிக்கிழமை.

அவரை விதைக்க, ஏலத்தோட்டத்துக் கூலிகளுக்குக் கொடுத்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கொத்தினேன். சின்னச் சின்ன எலும்புகள் வந்தன. ஆட்டுக்குட்டி என்று நினைத்தேன். கூடவே ஒரு கறுத்த கொலுசும் வந்தது.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா பார்த்ததும் பதறிவிட்டாள்.

"மூடிரு ஆத்தா. முந்தி இங்க இருந்தவுக புள்ளைக. குளுருக் காச்சல்ல வரிசையாப் போச்சுக. வெளிய தெரிஞ்சா ஏலக்கா எடுக்க ஆளு வராதுன்னு கங்காணி எல்லாரு வாயையும் அடைச்சுட்டாரு."

மூடிவிட்டு உள்ளே வந்தால் என் மகன் முருகன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவன் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போடிக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமைதான் ஜீப்பு வரும். நான் காத்திருக்க மாட்டேன். விடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக மலையடிவாரத்துக் குரங்கணிக்கு இறங்கிவிடுவேன். கங்காணி மறித்தாலும் நிற்க மாட்டேன்.

இப்போது நடுக்கம் நின்றிருக்கிறது. தொட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.